மின்சாரம் நடக்க வைக்குமா? தண்டுவடச் சிகிச்சை கடந்து வந்த பாதை



தண்டுவடம் அடிபடுவதற்குப் பெரிய போர்க்களம் தேவையில்லை. தென்னை மரத்தில் கால் வழுக்கினால் போதும். மழைநாளில் மூவார் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் போதும். செம்பனை ஏற்றி வரும் டிராக்டர் பள்ளத்தில் கவிழ்ந்தால் போதும். காலையில் வேலைக்குப் புறப்பட்ட பிள்ளை, மாலையில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பான். அதன் பிறகு அந்த வீட்டின் கணக்கு வழக்கு எல்லாமே மாறிப்போகும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒரு காட்சியை அனுப்புவார். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், முதுகில் மின்கருவி பொருத்தியபின் எழுந்து நடக்கிறார். ஒரே நிமிடக் காட்சி. அதைப் பார்த்ததும் தாய் கேட்கும் முதல் கேள்வி: "நம்ம பிள்ளைக்கும் இந்தக் கரண்டு வச்சா நடப்பானா?"

இந்தக் கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளிவிடக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்றும் சொல்லிவிடக்கூடாது. நான் மருத்துவர் அல்லன். படித்தது தொடர்புத்துறையில் டிப்ளோமா. ஆனால் ஒரு நிமிடக் காட்சி எப்படி உருவாகிறது என்பது எனக்குத் தெரியும். கேமராவை எப்போது முடுக்குகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. அந்தக் கேமரா முடுக்கப்படுவதற்கு முன்னால் என்னென்ன நடந்தன என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். அந்த வரலாற்றுக்குள்ளேயே தாயின் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது.

திருக்கை மீனும் தவளைக் காலும்

பழைய எகிப்தில் எழுதப்பட்ட ஒரு மருத்துவ ஏடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 'எட்வின் ஸ்மித் ஏடு' என்று அதற்குப் பெயர். சுமார் 3,600 ஆண்டுகள் பழமையானது. கழுத்து எலும்பு முறிந்து, கைகால் செயலிழந்த மனிதனைப் பற்றி அதில் குறிப்பு இருக்கிறது. இது மருத்துவம் செய்ய இயலாத நோய் என்று அந்த மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். இந்தத் தீர்ப்பு ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் மாறவே இல்லை.

அதே காலப்போக்கில் மின்சாரத்தைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் வளர்ந்து வந்தது. உம்பாய்க் கடற்கரையில் திருக்கை மீனைச் சுட்டுச் சாப்பிடும் நமக்கு, அதே இனத்தில் மின்சாரம் பாய்ச்சும் திருக்கையும் உண்டு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் காலில் வரும் கீல்வாதத்திற்கும் அந்த மீனை உயிரோடு பிடித்து உடம்பில் வைக்கச் சொன்னார். மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் மின் சிகிச்சை அப்படித்தான் தொடங்கியது.

பிறகு இத்தாலியின் பொலோன்யா நகரில் லூயிஜி கால்வானி என்ற மருத்துவர், அறுத்து வைத்த தவளைக் காலின் நரம்பில் மின்சாரம் பட்டதும் அது துள்ளுவதைக் கண்டார். 1791-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். நரம்பில் ஓடும் செய்தி மின்சாரத்தோடு தொடர்புடையது என்ற உண்மை அங்கிருந்துதான் துலங்கத் தொடங்கியது. அவருடைய மருமகன் ஜொவானி அல்டினி, 1803-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். பிணத்தின் தாடை அசைந்தது, கை உயர்ந்தது, கூட்டம் அலறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் கையை அசைத்ததே தவிர, உயிரைக் கொண்டுவரவில்லை. அசைவு வேறு, வாழ்வு வேறு. இந்த வரலாறு முழுவதும் இந்த வேறுபாடு நம்மோடு கூடவே வரும்.

அறுந்த கம்பியும் அணைந்த விளக்கும்

தண்டுவடம் என்பது என்ன? மூளையின் அடியிலிருந்து இடுப்பின் மேற்பகுதிவரை முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றை. பருமன் ஏறக்குறைய நம் சுண்டு விரல் அளவு. மூளை இடும் கட்டளை இதன் வழியாகக் கீழே போகிறது. தோலில் படும் சூடு, குளிர், வலி எல்லாம் இதன் வழியாக மேலே வருகின்றன. அடி எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தே இழப்பு அமையும். கழுத்தின் மேற்பகுதி என்றால் மூச்சு விடுவதே சிரமம். கழுத்தின் கீழ்ப்பகுதி என்றால் கை விரல்கள் போய்விடும். நெஞ்சுப் பகுதி என்றால் கைகள் தப்பிக்கும், கால்கள் செயலிழக்கும். மேலே எங்கே அடிபட்டாலும் சிறுநீரும் மலமும் பெரும்பாலும் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும்.

நகரத்திலிருந்து வரும் பெரிய மின்கம்பி அறுந்துவிட்டால் நம் வீட்டு விளக்கு எரியாது. அதற்காக விளக்கு கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. வீட்டு வாசலில் ஒரு ஜெனரேட்டர் வைத்தால் அதே விளக்கு எரியும். காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகள் பல நேரங்களில் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன; கட்டளைதான் வந்து சேரவில்லை. மின்தூண்டல் என்பது அந்த ஜெனரேட்டர்.

ஆனால் வீட்டுக்குள் ஓடும் கம்பியே எரிந்துபோயிருந்தால் ஜெனரேட்டர் வைத்தும் விளக்கு எரியாது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் அடிபட்டு, தசைக்குப் போகும் நரம்பு வேர்களே சிதைந்தவர்களின் நிலை இது. அவர்களுக்கு நரம்பைத் தூண்டும் கருவி வேலை செய்வதில்லை. "அவனுக்குக் கால் அசைஞ்சுது, இவனுக்கு ஏன் அசையல?" என்று ஒப்பிட்டு மனம் நொந்துபோகும் குடும்பங்கள் இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் உயிர், பிறகுதான் நடை

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத மருத்துவர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையில் எந்த அதிசயக் கருவியும் இல்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீர்ப் பையைச் சுத்தமாகப் பராமரிக்கச் சொன்னார். வேலை கற்றுக்கொடுத்தார், விளையாட வைத்தார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து அம்பு எய்யும் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு அதுவே விதை.

பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லாமல், புரட்டிப் படுக்க வைத்தே மனிதர்களைக் காப்பாற்றினார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் பின்னாளில் மின்கருவி பொருத்த முடிந்தது.

வேலூரிலும் ஆய்க்குடியிலும்

இந்தப் புரட்சி தமிழ்நாட்டுக்கு ஒரு பெண்ணின் சக்கர நாற்காலியில் ஏறி வந்தது. மேரி வர்கீஸ், கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1954-இல் நடந்த கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அறுவை மருத்துவர் ஆக வேண்டும் என்ற கனவோடு இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் கத்தியைக் கையில் எடுத்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தங்கிப் பயிற்சி கொடுத்த முன்னோடி நிலையங்களில் அதுவும் ஒன்று. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இன்னொருவர் எஸ். ராமகிருஷ்ணன். தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடியைச் சேர்ந்தவர். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1976-இல் கடற்படை அதிகாரி தேர்வில் உடற்பயிற்சிச் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் சொந்த ஊரிலேயே 'அமர் சேவா சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'அமர்' என்பது தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர். சில பிள்ளைகளோடு தொடங்கிய அந்த இடம், சுற்று வட்டார கிராமங்களுக்கெல்லாம் பயிற்சியும் பள்ளியும் தரும் பெரிய நிலையமாக வளர்ந்தது. 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இவர்கள் இருவரும் எழுந்து நடக்கவில்லை. ஆனால் இவர்களால் எழுந்து நின்ற குடும்பங்கள் எத்தனை! சிகிச்சை என்றால் நடை மட்டும்தான் என்று எண்ணும் நம் வீடுகளில் இந்த இரண்டு பெயர்களும் ஒலிக்க வேண்டும்.

செருப்புக்குள் ஒரு சுவிட்ச்

இனி மின்சாரத்துக்கு வருவோம். 1961-இல் அமெரிக்காவில் விளாடிமிர் லிபர்சனும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கருவியைச் செய்தார்கள். பக்கவாதத்தால் பாதம் தொங்கிப் போனவர்களின் செருப்புக்குள் குதிகால் பக்கம் ஒரு சுவிட்ச். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினால், முழங்காலுக்கு அருகில் உள்ள நரம்புக்குச் சிறிய மின்துடிப்பு போகும். பாதம் உயரும். தரையில் இடறாது. அசைவு ஒரு பயனுள்ள வேலையாக மாறிய தருணம் அது.

மூச்சுக்கும் மின்சாரம் உதவியது. யேல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் வில்லியம் கிளென், 1960-களிலிருந்து உதரவிதானத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டி, மூச்சு இயந்திரத்தைச் சார்ந்திருந்தவர்களைச் சுவாசிக்க வைத்தார். 'சூப்பர்மேன்' படத்தின் கதாநாயகன் கிறிஸ்டோபர் ரீவ், 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2003-இல் அவருக்கு உதரவிதானத்தைத் தூண்டும் கருவி பொருத்தப்பட்டது. இயந்திரம் இல்லாமல் சில மணி நேரம் சுவாசிக்க முடிந்தது. ஆனால் 2004 அக்டோபரில், படுக்கைப் புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்று வந்த நிலையில் இதயத் துடிப்பு நின்று அவர் மறைந்தார். உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் அருகில் இருந்தும், சூப்பர்மேனை வீழ்த்தியது குட்மன் எச்சரித்த அதே பழைய எதிரிதான்.

பலருக்கும் தெரியாத வெற்றி ஒன்று உண்டு. லண்டனில் கைல்ஸ் பிரிண்ட்லி என்ற விஞ்ஞானி, 1970-களின் பிற்பகுதியில், சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு வேர்களைத் தூண்டும் கருவியை நோயாளிகளின் உடலுக்குள் பொருத்தினார். ஒரு பொத்தானை அழுத்தினால் சிறுநீர் கழியும். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். ஆனால் எந்தத் தொலைக்காட்சி அதை முதல் செய்தியாகக் காட்டும்? கழிவறைக் காட்சிக்குக் கேமரா போகாது. அதனால் உலகத்துக்குத் தெரியாது.

கேமரா எங்கே போகும் என்பதற்கு 1982 ஒரு சான்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் பெட்ரோஃப்ஸ்கி, கணினி இயக்கும் மின்தூண்டலால் நான் டேவிஸ் என்ற மாணவியைச் சில அடிகள் நடக்க வைத்தார். மறு ஆண்டு அந்த மாணவி பட்டமளிப்பு விழாவில் மேடையில் நடந்து சென்று பட்டம் வாங்கினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. தொலைக்காட்சிகள் மீண்டும் மீண்டும் காட்டின. 1985-இல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. ஆனால் கணினியும் கம்பிகளும் தாங்கிப் பிடிக்கும் ஆட்களும் இல்லாமல் அந்த நடை இல்லை. அன்றாட வாழ்க்கைக்கு அவருக்கும் சக்கர நாற்காலிதான் துணை. கைதட்டல் உண்மைதான், கண்ணீரும் உண்மைதான். திரையில் வராத பகுதி மட்டும் யாருக்கும் தெரியாமல் போனது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. செயலிழந்த கையைப் பிடிப்புக்குக் கொண்டுவரும் 'ஃப்ரீஹேண்ட்' என்ற உட்பொருத்துக் கருவிக்கு 1997-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. முள்கரண்டியைப் பிடிக்கவும் பேனா பிடிக்கவும் அது உதவியது. பொருத்திக்கொண்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே, 2000-களின் தொடக்கத்தில், அதைத் தயாரித்த நிறுவனம் அந்த வியாபாரத்தை விட்டு விலகியது. கருவி வேலை செய்தது, கடை மூடிவிட்டது. உடம்புக்குள் இருக்கும் கருவி பழுதானால் யாரிடம் போவது? விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

வலிக்கு வைத்தது, காலை அசைத்தது

இன்று கைப்பேசியில் நாம் பார்க்கும் காட்சிகள் வேறொரு கிளையிலிருந்து வந்தவை. 1967-இல் டாக்டர் நார்மன் ஷீலி, புற்றுநோய் வலியால் துடித்த ஒரு நோயாளியின் தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்தார். நோக்கம் வலியைக் குறைப்பது மட்டுமே. நாளடைவில், அப்படி வைத்தவர்களில் சிலருக்கு அசைவும் கொஞ்சம் மேம்படுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள்.

கழுத்தறுத்த கோழி சில அடி ஓடுவதை நம் வீட்டுக் கொல்லையில் பார்த்திருப்போம். மூளையின் கட்டளை இல்லாமலே கால்களை மாற்றி மாற்றி வைக்கும் பழக்கம் தண்டுவடத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரௌன் பூனைகளிடம் இதைக் கண்டறிந்தார். மனிதனிடமும் அப்படி ஒன்று இருக்கிறதா? 1998-இல் மிலன் டிமிட்ரிஜெவிச்சின் குழு, தண்டுவடம் முற்றாகச் செயலிழந்தவர்களின் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தைத் தூண்டியபோது கால்கள் நடப்பதுபோல் அசைந்ததைப் பதிவு செய்தது.

அங்கிருந்து கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்கு வருவோம். ராப் சம்மர்ஸ் என்ற பேஸ்பால் விளையாட்டு வீரர், 2006-இல் கார் மோதி நெஞ்சுக்குக் கீழே செயலிழந்தவர். சூசன் ஹர்கிமாவின் குழு 2009-இல் அவருக்கு 16 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது. அவர் தம் எடையைத் தாமே தாங்கி நின்றார், சமநிலைக்கு மட்டும் துணை தேவைப்பட்டது. ஏழு மாதங்களுக்குப் பிறகு, கருவி இயங்கும்போது கால்களைத் தம் விருப்பப்படி அசைக்கவும் முடிந்தது. 2011-இல் இந்தச் செய்தி உலகை உலுக்கியது.

ஆனால் அந்தக் கருவியைப் பொருத்துவதற்கு முன்னால், 26 மாதங்களில் 170 முறை அவருக்கு நடைப்பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியால் மட்டும் அசைவு வரவில்லை. பயிற்சி பெற்ற உடம்பில் மின்சாரம் சேர்ந்தபோது அசைவு வந்தது. கண்டும் காணாததுமாக வரும் வானொலி அலையைக் கேட்க ஒலியளவைக் கூட்டுகிறோமே, அதுபோல, காயத்தைத் தாண்டி மெல்லக் கசிந்து வந்த மூளையின் செய்தியைத் தண்டுவடம் கேட்கும்படி செய்தது அந்த மின்சாரம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

2018-இல் அதே குழு நான்கு பேரைப் பற்றி எழுதியது. நால்வரும் நின்றார்கள். ஆனால் தரையில் நடந்தவர்கள் இருவரே. அந்த இருவரில் ஒருவருக்கு 85 வாரங்களில் 278 பயிற்சிகள் தேவைப்பட்டன, மற்றவருக்கு 15 வாரங்களில் 81 பயிற்சிகள். பயிற்சியின்போது ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்தீனும் ஜோஸ்லின் பிளாக்கும் மேலும் மூவரை நடக்க வைத்தார்கள். 2023-இல் அவர்களே, நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஓஸ்காமின் மூளையில் ஒரு கருவியும் தண்டுவடத்தில் ஒரு கருவியும் வைத்து, இரண்டையும் கணினியால் இணைத்தார்கள். அவர் நினைத்தார், கால் நகர்ந்தது.

அறுவை சிகிச்சை இல்லாத வழியும் திறந்திருக்கிறது. கழுத்தின் தோல்மேல் மின்முனையை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டும் கருவியை 60 பேரிடம் சோதித்தார்கள். இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்தூண்டல். 72 விழுக்காட்டினருக்குக் கையின் பலமும் செயலும் குறிப்பிட்ட அளவு மேம்பட்டன. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதி வழங்கியது. அனுமதி கைக்குத்தான், காலுக்கு அல்ல. நடப்பதற்காகத் தண்டுவடத்துக்குள் கருவி வைப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அவர்களைக் கேட்டோமா?

2004-இல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும் என்று கேட்டார். அவரும் தண்டுவடம் அடிபட்டவர்தான். கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், கையும் விரலும் என்றார்கள். கால் மட்டும் செயலிழந்தவர்கள் இல்லற வாழ்வை முதலில் சொன்னார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு தரப்பினருக்கும் முக்கியமாக இருந்தது. நடை முதலிடத்தில் இல்லை.

நடக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் நாம். கட்டிலில் இருப்பவரோ, அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியுமா, துணி நனையாமல் கோயில் திருவிழாவுக்குப் போய்வர முடியுமா, மனைவியின் முகத்தைக் கூச்சமில்லாமல் பார்க்க முடியுமா என்று ஏங்குகிறார். அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் உட்கார்ந்து கேட்பதும் இல்லை.

நம் மாநிலத்தில் என்ன இருக்கிறது?

நம் நாடு இந்தத் துறைக்குப் புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் நஸிரா ஹஸ்னான், பொறியியல் அறிஞர் நூர் அஸா ஹம்சாயிட் ஆகியோர் சிட்னியைச் சேர்ந்த கிளென் டேவிஸுடன் இணைந்து, செயலிழந்த கால்களை மின்தூண்டலால் மிதிவண்டி மிதிக்க வைக்கும் ஆய்வுகளைச் செய்து வந்திருக்கிறார்கள். அது நடக்க வைப்பதற்காக அன்று. சூம்பிப்போகும் தசைக்கும் இதயத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் பயிற்சி கொடுப்பதற்காக. செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை 2012-இல் செயல்படத் தொடங்கியது.

நம் மலாக்காவிலேயே, ஹாங் துவா ஜெயாவில், சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-இல் தொடங்கப்பட்டது. ரோபோ உதவியோடு நடைப்பயிற்சி, நீரில் பயிற்சி, மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கான தொழிற்பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. சொக்சோ பங்களிப்பு உள்ள தொழிலாளிக்கு வேலையிடத்து விபத்து மட்டுமல்ல, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் கணக்கில் சேரும். முதலாளி பதிவு செய்திருக்கிறாரா என்று விபத்துக்குப் பிறகு தேடுவதைவிட, இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாததால் நம்மவர்கள் கொடுக்கும் விலை அதிகம். காதுத் தோட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்து, வெளிநாட்டில் 'நடக்க வைப்போம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தசைவலிக்கு ஒட்டும் சிறிய மின்கருவியை, தண்டுவடத்தையே சரிசெய்யும் என்று சொல்லி நேரடி விற்பனையில் தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆசையைத்தான் விற்கின்றன.

யாராவது உங்களிடம் மின்தூண்டல் சிகிச்சை என்று வந்தால், கோபப்படாமல் சில கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளைக்குக் காயத்துக்குக் கீழே உள்ள நரம்பு உயிரோடு இருக்கிறதா, அதைச் சோதித்தீர்களா? இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? எத்தனை மாதம் பயிற்சி, அதை ஊருக்குத் திரும்பியபின் யார் கொடுப்பார்? கருவி பழுதானால் யார் பார்ப்பார்? எதை எதிர்பார்க்கலாம், நடையா, கையா, சிறுநீரா? கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் ஆபத்து உண்டு. அதனால் இந்தக் கேள்விகளை உங்கள் மறுவாழ்வு மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இத்தனையும் சொன்னது நம்பிக்கையைக் குலைப்பதற்காக அல்ல. மருத்துவம் செய்ய இயலாது என்று 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தீர்ப்பு நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. சம்மர்ஸ் நின்றதும் ஓஸ்காம் நடந்ததும் பொய்யல்ல. நாளை இன்னும் எளிய கருவி, இன்னும் குறைந்த விலையில் வரக்கூடும். அந்த நாள் வரும்போது யார் பயன்பெறுவார்? படுக்கைப் புண் இல்லாத உடம்பு, இறுகிப் போகாத மூட்டு, பழுதடையாத சிறுநீரகம், பயிற்சியை விட்டுவிடாத மனம் ஆகியவற்றோடு காத்திருப்பவர்.

ஆகவே தாய்மார்களே, உங்கள் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும், கைகாலை நீட்டி மடக்கிவிடும் ஒவ்வொரு முறையும், நீங்கள் வெறும் பணிவிடை செய்யவில்லை. மின்சாரம் வந்தால் எரிவதற்கு விளக்கைத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த வேலையை ஒரு தாய் மட்டும் தனியாகச் செய்யவிடாமல், அண்டை வீட்டாரும் ஆலயமும் இளைஞர் மன்றமும் முறைபோட்டுக் கைகொடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மலாக்காவுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக ஒரு கார், ஓர் ஓட்டுநர். சுங்கை ரம்பையில் அது கிடைக்காதா?